தூது, தடை, போர்... எம்.ஏ-வில் இதையெல்லாமா படிக்கிறார்கள்?

கருணாபுரம் என்ற பெயரைக் கேட்டாலே 2024 ஜூன் மாதம்தான் நினைவுக்கு வரும். கள்ளக்குறிச்சி நகருக்குள்ளேயே இருக்கும் பகுதி அது. ஜூன் 18-ம் தேதி பாக்கெட் சாராயம் குடித்தவர்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டும் கண் பார்வை மங்கியும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், சேலம், புதுச்சேரி ஜிப்மர் என்று நாலாபக்கமும் ஆம்புலன்ஸ்கள் பறந்தும் 65-க்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்ற முடியவில்லை. சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால். வழக்கை அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ-க்கு மாற்றியது.

அந்த மெத்தனாலுக்கு இன்னொரு முகமும் உண்டு. பெயின்ட், பசை, பிளைவுட், மருந்து என்று பல தொழில்களுக்கு அது கச்சாப்பொருள். இந்தியா தனக்குத் தேவையான மெத்தனாலில் பெரும்பகுதியை வெளிநாடுகளிலிருந்துதான் வாங்குகிறது. முக்கியமாக மேற்காசிய நாடுகளிலிருந்து. அதில் ஈரானும் உண்டு. ஈரானின் பெட்ரோகெமிக்கல் பொருள்களை வாங்கினார்கள் என்று சொல்லி, 2025 ஜூலை 30-ம் தேதி 6 இந்திய நிறுவனங்கள்மீது அமெரிக்கா பொருளாதாரத் தடை விதித்தது. வாங்கியதாகச் சொல்லப்பட்ட சரக்குகளில் மெத்தனாலும் இருந்தது.

கருணாபுரத்துச் சாவுகளுக்கும் இந்தத் தடைக்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை. அது சாராயக் கும்பலின் குற்றம். விசாரிக்க வேண்டியது போலீஸும் நீதிமன்றமும். ஆனால் ஒரே திரவம் ஆஸ்பத்திரியில் விஷம், தொழிற்சாலையில் கச்சாப்பொருள், வாஷிங்டனில் இன்னொரு நாட்டை மடக்கும் ஆயுதம். இந்தக் கடைசி முகத்தைப் படிப்பதற்கென்றே முதுகலைப் படிப்புகள் இருக்கின்றன. தூதரக உறவு, பொருளாதாரத் தடை, போர் மூன்றையும் சேர்த்து ஓராண்டோ ஈராண்டோ படிக்கிறார்கள். 'சர்வதேச உறவுகள்', 'பாதுகாப்பு மற்றும் போர்த்திறன் ஆய்வுகள்' என்பவை இந்தியாவில் இதற்கு வழங்கும் பெயர்கள்.

"இதைப் படித்து என்ன வேலைக்குப் போகப்போறே?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதில் இருக்கிறது. அதற்கு முன், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

பறம்பு மலையில் ஒரு தடை

பொருளாதாரத் தடை என்றதும் அமெரிக்கா, ரஷ்யா என்று தோன்றும். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்காரர்களுக்கு அதைவிடப் பக்கத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆற்றுக்குள் நிற்கும் கபிலர் குன்று. பாரியின் நண்பரான கபிலர், பாரி இறந்த பிறகு அவருடைய மகள்களை அழைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, இங்கேயே உயிர் துறந்தார் என்பது மரபு.

பாரியின் பறம்பு மலையைச் சேர, சோழ, பாண்டிய மன்னர்கள் மூவரும் சுற்றி வளைத்தார்கள். வெளியிலிருந்து எதுவும் உள்ளே போகாமல் தடுத்து, பட்டினி போட்டுப் பணியவைப்பதுதான் முற்றுகை. அப்போது கபிலர் அந்த மன்னர்களிடம் சொன்ன சேதி புறநானூற்றில் இருக்கிறது. உழவர் உழாமலேயே மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் நான்கும் தருகிற மலை இது, உங்கள் முற்றுகை பலிக்காது என்பதுதான் அதன் சாரம்.

இன்றைய வகுப்பறையில் இதையே வேறு வார்த்தைகளில் கேட்கிறார்கள். தடைக்கு ஆளாகும் நாட்டுக்கு மாற்று வழி இருக்கிறதா? உள்நாட்டிலேயே சமாளிக்க முடியுமா? பக்கத்து நாடு கதவைத் திறந்து வைத்திருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் விதிக்கப்படும் தடை வெறும் அறிக்கையாகவே நின்றுவிடும்.

தமிழ்நாட்டிலேயே இதற்கு நவீன உதாரணமும் உண்டு. ராக்கெட்டுக்கான கிரையோஜெனிக் இன்ஜின் தொழில்நுட்பத்தை வாங்க 1991-ல் ரஷ்யத் தரப்போடு இஸ்ரோ ஒப்பந்தம் போட்டது. ஏவுகணைக்கும் பயன்படக்கூடிய தொழில்நுட்பம் என்று சொல்லி 1992 மே மாதம் அமெரிக்கா இரு தரப்பின் மீதும் தடை விதித்தது. 1993-ல் ரஷ்யா தொழில்நுட்பத்தைத் தருவதிலிருந்து பின்வாங்கி, தயாரான இன்ஜின்களை மட்டும் கொடுத்தது. அதன்பிறகு திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் சோதனைமேல் சோதனை. உள்நாட்டு கிரையோஜெனிக் இன்ஜினுடன் ஜி.எஸ்.எல்.வி. முதன்முறையாக வெற்றி பெற்றது 2014 ஜனவரி 5-ம் தேதி. இடையில் ஓடியது 20 வருடங்களுக்கு மேல்.

தடை தோற்றதா, ஜெயித்ததா? இந்தியாவை நிறுத்த முடியவில்லை என்றால் தோற்றது. இரண்டு தலைமுறை விஞ்ஞானிகளின் காலத்தைத் தின்றது என்றால் ஜெயித்தது. தேர்வில் இப்படித்தான் கேட்பார்கள். 'ஆம், இல்லை' என்று ஒரு வரியில் எழுதினால் மார்க் கிடையாது.

அறிஞர்களுக்குள்ளேயே சண்டை

ஹஃப்பாவர், ஷாட், எலியட் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1914 முதல் 1990 வரை விதிக்கப்பட்ட 115 தடைகளை எடுத்து ஆராய்ந்து, ஏறக்குறைய மூன்றில் ஒன்று பலன் தந்தது என்றார்கள். ராபர்ட் பேப் என்ற அமெரிக்கப் பேராசிரியர், அவர்கள் 'வெற்றி' என்று குறித்த 40 தடைகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, 1997-ல் ஒரு குண்டைப் போட்டார். உண்மையான வெற்றி 5 மட்டுமே, மற்றவற்றில் வேலையை முடித்தது ராணுவமோ வேறு காரணமோதான் என்பது அவர் வாதம். எதிர்த்தரப்பு விட்டுவிடவில்லை. இந்தச் சண்டையைப் படிக்காமல் உலகில் எங்கேயும் இந்தப் பாடத்தில் எம்.ஏ. முடிக்க முடியாது.

இதைவிடச் சங்கடமான பாடம் ஈராக். குவைத்தை ஆக்கிரமித்ததற்காக 1990 ஆகஸ்ட்டில் ஐ.நா. அந்நாட்டின் மீது முழுத் தடை விதித்தது. தடையால் 5 லட்சம் குழந்தைகள் இறந்தார்கள் என்ற எண்ணிக்கை உலகம் முழுக்கப் பரவியது. 1999-ல் யுனிசெஃப் வெளியிட்ட கணக்கெடுப்பும் குழந்தை இறப்பு இரு மடங்காகிவிட்டது என்றே காட்டியது. ஐ.நா-வின் மனிதாபிமானப் பணிகளுக்கு ஈராக்கில் தலைமை வகித்த டெனிஸ் ஹாலிடே 1998-லும், அடுத்து வந்த ஹான்ஸ் ஃபான் ஸ்பொனெக் 2000-லும், தடையை ஏற்க முடியாது என்று பதவி விலகினார்கள்.

சதாம் உசேன் ஆட்சி போன பிறகு எடுத்த கணக்கெடுப்புகளிலோ, குழந்தை இறப்பு அப்படி எகிறியதற்கான தடயமே இல்லை. பழைய எண்கள் சதாம் அரசால் திரிக்கப்பட்டவை என்று லண்டன் பொருளாதாரப் பள்ளியைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் 2017-ல் எழுதினார்கள்.

அப்படியானால் ஈராக் மக்கள் கஷ்டப்படவே இல்லையா? பட்டார்கள். மருந்து இல்லை, குடிநீர் நிலையங்களுக்கு உதிரிபாகம் இல்லை, சம்பளத்துக்கு மதிப்பே இல்லை. அந்தக் கஷ்டத்தையும் தவறான அந்த எண்ணையும் தனித்தனியாகப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் முதுகலையின் வேலை. வாட்ஸ்அப்பில் ஒரு நாளைக்குப் பத்துப் புள்ளிவிவரம் வந்து விழும் காலத்தில் இந்தப் பழக்கத்தின் அருமை சொல்லத் தேவையில்லை.

லிதுவேனியாவில் நின்ற ரயில், இங்கே ஏறிய விலை

கரும்பும் மரவள்ளியும் போடுகிற விவசாயிக்குப் பொட்டாஷ் உரத்தின் அவசியம் தெரியும். இந்தியா பொட்டாஷை முழுக்க இறக்குமதிதான் செய்கிறது. பெலாரஸ் அதில் முக்கியமான நாடு.

2020 ஆகஸ்ட்டில் பெலாரஸில் நடந்த அதிபர் தேர்தலில் முறைகேடு என்று மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 2021 மே மாதம், வானத்தில் பறந்துகொண்டிருந்த ரையன்ஏர் விமானத்தைத் தன் நாட்டில் இறங்கவைத்து, அதிலிருந்த எதிர்த்தரப்புப் பத்திரிகையாளரைக் கைதுசெய்தது பெலாரஸ் அரசு. மேற்கு நாடுகள் அந்நாட்டுப் பொட்டாஷ் நிறுவனத்தின் மீது தடை விதித்தன. கடல் இல்லாத நாடு பெலாரஸ். அதன் பொட்டாஷ் அப்போது லிதுவேனியாவின் க்ளைபெடா துறைமுகம் வழியாகத்தான் வெளியே வந்துகொண்டிருந்தது. 2022 பிப்ரவரி 1 முதல் லிதுவேனியா தன் ரயில் பாதையை மூடியது. அதே மாதம் 24-ம் தேதி ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. பொட்டாஷ் விற்கும் இன்னொரு பெரிய நாடும் சிக்கலில் மாட்டியது. அந்த ஆண்டு இங்கே 50 கிலோ மூட்டை 1,700 ரூபாய் விலை சொன்னது.

சங்கராபுரத்தில் உரக்கடைக்காரரிடம் சண்டை போட்டால் தீரும் விஷயமா இது! சமையலறைக்கும் இதே கதைதான். இந்தியாவுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தரும் நாடுகளில் போருக்கு முன் முதலிடத்தில் இருந்தது உக்ரைன்.

திருப்பூரும் ஒரு பாடம். ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி, 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவிகிதமாக்கியது அமெரிக்கா. கணக்குப்படி அது தடை இல்லை, வரி. ஆனால் எண்ணெய்க்கான கோபம் பனியன் மேல் இறங்கியது. வகுப்பில் இரண்டையும் ஒரே அத்தியாயத்தில்தான் வைப்பார்கள்.

தூதரகப் பாடத்துக்கும் அதே 2022-ல் உதாரணம் கிடைக்கிறது. உக்ரைனின் சுமி நகரில் 694 இந்திய மாணவர்கள் மாட்டிக்கொண்டார்கள். சுற்றிலும் குண்டு மழை. ரஷ்யா, உக்ரைன் இரு தரப்பும் ஒரே நேரத்தில் துப்பாக்கியை இறக்கினால்தான் பஸ் நகர முடியும். இரு நாட்டுத் தலைவர்களிடமும் டெல்லி பேசியது. மார்ச் 8-ம் தேதி பஸ்கள் பொல்டாவாவுக்குக் கிளம்பின. திருக்குறளில் தூதுக்குத் தனி அதிகாரம் இருப்பது ஏன் என்று அந்த மாணவர்களின் பெற்றோருக்கு விளக்க வேண்டியிருக்காது.

முரளிதரன்கள் படும் பாடு

இப்போது வேலை விஷயம்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டும். இந்திய வெளியுறவுப் பணியான ஐ.எஃப்.எஸ்-க்கு இந்த எம்.ஏ. தேவையே இல்லை. ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் தேர்வு எழுதலாம். முதன்மைத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் ஜே.என்.யு-வில் சர்வதேச உறவுகளில் முனைவர் பட்டம் பெற்றவர் என்பது உண்மை. அதற்காக எம்.ஏ. முடித்தவர்களெல்லாம் தூதர் ஆகிவிடுவதில்லை. ஆண்டுக்கு ஐ.எஃப்.எஸ்-ல் சேர்பவர்கள் சில பத்துப் பேர்தான். 'தூதர் ஆகலாம்' என்று விளம்பரம் செய்து லட்சங்களில் கட்டணம் கேட்கும் இடங்களைக் கண்டால் ஒதுங்கிப் போவது நல்லது.

அதிகம் பேசப்படாத வேலை வங்கிகளில் இருக்கிறது. அமெரிக்க நிதித் துறை, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம், ஐ.நா. எல்லாம் தடைப் பட்டியல்கள் வைத்திருக்கின்றன. வெளிநாட்டுப் பணப் பரிமாற்றம் ஒவ்வொன்றிலும் அனுப்புபவர், பெறுபவர் பெயர்களை அந்தப் பட்டியல்களோடு கம்ப்யூட்டர் ஒப்பிடும். ஒத்துப்போனால் பணம் நிற்கும். பிறகு ஓர் ஆள் உட்கார்ந்து, 'இவர் அவர்தானா?' என்று முடிவுசெய்ய வேண்டும். பன்னாட்டு வங்கிகளின் பின்னணி அலுவலகங்கள் பல சென்னையில் இருக்கின்றன. இந்த வேலையும் அங்கே நடக்கிறது.

இதில் தமிழ் தெரிந்தவர்களின் தேவையை ஓர் உதாரணம் காட்டும். இலங்கை உள்நாட்டுப் போரில் நடந்த மனித உரிமை மீறல்களுக்காக 2025 மார்ச் 24-ம் தேதி பிரிட்டன் நான்கு பேர் மீது தடை விதித்தது. சவேந்திர சில்வா, வசந்த கரன்னகொட, ஜகத் ஜயசூரிய ஆகிய மூன்று முன்னாள் ராணுவ, கடற்படைத் தளபதிகள்; நான்காவது ஆள் கருணா அம்மான். புலிகளிலிருந்து பிரிந்து பின்னாளில் அமைச்சரானவர். பட்டியலில் அவருடைய இயற்பெயர்: விநாயகமூர்த்தி முரளிதரன். கனடா 2023 ஜனவரியிலேயே மஹிந்த, கோத்தபய ராஜபக்ச சகோதரர்கள் உள்ளிட்ட நான்கு பேர் மீது தடை விதித்திருந்தது.

ஒரு நாட்டையே பட்டினி போடும் ஈராக் பாணித் தடைக்கு மாற்றாக வந்தவை இந்தத் தனிநபர் தடைகள். போரில் பிள்ளைகளைத் தொலைத்துவிட்டு லண்டனிலும் டொரன்டோவிலும் பதில் தேடும் குடும்பங்களுக்கு இவை பெரிய விஷயம். சொத்து முடக்கமும் பயணத் தடையும் நீதி ஆகுமா என்ற கேள்வியும் அவர்களிடம் உண்டு. ஆய்வுக் கட்டுரைக்கு இதைவிடக் கனமான தலைப்பு வேண்டுமா என்ன?

இதே பட்டியல் வங்கி அலுவலகத்துக்கு வரும்போது வேறு சிக்கல். உலகத்தில் எத்தனை முரளிதரன்கள்! தமிழர்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது, அப்பா பெயர் இனிஷியலாக நிற்கும், அது சில ஆவணங்களில் முன்னால் வரும், சிலவற்றில் பின்னால் போகும், ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆளுக்கொரு விதம். இதெல்லாம் தெரியாத ஒருவரிடம் ஃபைல் போனால், அப்பாவி முரளிதரனின் பணமும் நாள்கணக்கில் தொங்கும். தமிழ்ப் பெயர்களின் சூட்சுமம் அறிந்து, தடைச் சட்டமும் படித்தவர் அங்கே கைகொடுப்பார்.

ஏற்றுமதி நிறுவனங்களின் சட்டப் பிரிவு, கப்பல், காப்பீட்டு நிறுவனங்கள், ஆய்வு அமைப்புகள், பத்திரிகைகள், தொண்டு நிறுவனங்கள் எல்லாம் அடுத்த வாய்ப்புகள். ஆசிரியர் பணிக்கு யு.ஜி.சி. நெட் தேர்வில் 'பாதுகாப்பு மற்றும் போர்த்திறன் ஆய்வுகள்' தனிப் பாடமாகவே இருக்கிறது. நேர்மையாகச் சொன்னால், படிப்பு முடிந்ததும் கேம்பஸ் இன்டர்வியூவில் அள்ளிக்கொண்டு போகும் துறை இல்லை இது. முதல் இரண்டு வருடம் அலைச்சல் இருக்கும். இன்னொரு திறமை கையில் இருந்தால் அலைச்சல் குறையும். சட்டம், கணக்கியல், டேட்டா, அல்லது ஒரு வெளிநாட்டு மொழி. அரபு, ரஷ்யன், சீனம், பாரசீகம் எதுவானாலும் சரி.

எங்கே படிப்பது?

கள்ளக்குறிச்சியிலிருந்து பார்த்தால் பக்கத்தில் இருப்பது காலாப்பட்டு. புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்தில் அரசியல் மற்றும் சர்வதேச உறவுகளில் எம்.ஏ. உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு மற்றும் போர்த்திறன் ஆய்வுகளுக்குத் தனித் துறையே இருக்கிறது. கோட்டயத்தில் மகாத்மா காந்தி பல்கலைக்கழகம். டெல்லியில் ஜே.என்.யு-வின் சர்வதேச ஆய்வுப் பள்ளி. அங்கே கல்விக் கட்டணம் ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்தான்; விடுதிச் சாப்பாட்டுச் செலவு தனி. பி.ஏ. தமிழ் படித்தவரும் பி.எஸ்ஸி. படித்தவரும் ஜே.என்.யு-வுக்கு முயலலாம்.

ஜே.என்.யு., புதுச்சேரி இரண்டுக்கும் சி.யு.இ.டி. முதுகலை நுழைவுத் தேர்வு வழியாகத்தான் இடம். இந்தப் பாடத்துக்கான கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைக்கு இது சின்னத் தடை அல்ல. யு.பி.எஸ்.சி. தமிழை அனுமதிக்கிறது, எம்.ஏ. நுழைவுத் தேர்வு அனுமதிக்கவில்லை என்பது விசித்திரம்தான். கல்லூரி இரண்டாம் ஆண்டிலிருந்தே தினமும் ஓர் ஆங்கில நாளிதழின் உலகப் பக்கத்தை அகராதியோடு படிப்பதைத் தவிர இதற்குக் குறுக்குவழி இல்லை.

வெளிநாடு என்றால் பிரிட்டனில் பெரும்பாலும் ஓராண்டுப் படிப்பு. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் போர் ஆய்வுத் துறை உலகப் புகழ்பெற்றது. செலவும் அதற்கேற்றபடி இருக்கும். படிப்புக்குப் பின் அங்கே தங்கி வேலை தேட இருந்த 2 ஆண்டு விசா, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது. நிலத்தை அடகு வைத்துக் கடன் வாங்க யோசிக்கும் குடும்பம், இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். வருமான வரம்பும் வயது வரம்பும் உண்டு. கல்வராயன் மலையின் வெள்ளிமலையில் பட்டம் முடித்துவிட்டு அடுத்து என்ன என்று நிற்கும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளையும் இதற்குத் தகுதியானவர்தான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததற்கான கடிதம் முதலில் கையில் வேண்டும். அதற்கு 'இந்தப் பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறாய்?' என்று ஒரு பக்கக் கட்டுரை கேட்பார்கள். உலக அமைதிக்குச் சேவை செய்ய விரும்புகிறேன் என்று எழுதுபவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். பொட்டாஷ் மூட்டையின் விலை எந்தத் துறைமுகத்தில் ஏறியது என்று எழுதும் விண்ணப்பத்தைத் தேர்வுக்குழு இரண்டாம் முறை எடுத்துப் படிக்கும்.

சி.யு.இ.டி. முதுகலைக்கான விண்ணப்பம் வழக்கமாக டிசம்பர், ஜனவரியில் திறக்கும். தேர்வு மார்ச்சில் நடக்கும். கடைசி நாளில் சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதால், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாவற்றையும் இ-சேவை மையத்தில் நவம்பரிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.